வீட்டில் ஃப்ரெஞ்ச் 75: குமிழி அடங்காமல், புளிப்பு குத்தாமல்

டிசம்பர் 31 இரவு பாரிஸ் புறநகரில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், ஜின்னும் ஷாம்பெய்னும் சேரும் ஃப்ரெஞ்ச் 75 காக்டெயில் செய்து கொடுக்க ஆசை. போன தடவை செய்தபோது ஊற்றிய உடனே பொங்கி வழிந்து, அப்புறம் சப்பென்று ஆகிவிட்டது, புளிப்பும் பல்லைக் கூச வைத்தது. என்ன அளவு, எப்படிச் செய்வது, ஷாம்பெய்ன்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது நாலே பொருள் சேரும் பானம், மறைத்துக்கொள்ள இடமே இல்லை, எந்த ஒன்று சறுக்கினாலும் நாக்கில் தெரிந்துவிடும்.

அளவு முதலில். ஒரு கிளாசுக்கு ஜின் 30 மில்லி, அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரை சிரப் 15, ஷாம்பெய்ன் 60. சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் பட்டியலில் இருக்கும் அளவும் இதுதான், நான் செய்வதும் இதுதான், பெரிதாக மாற்றத் தேவைப்பட்டதில்லை. ஷாம்பெய்னைத் தவிர மற்ற மூன்றையும் ஐஸோடு குலுக்கி, வடிகட்டி, கிளாசில் ஊற்றி, மேலே ஷாம்பெய்ன். அவ்வளவுதான் செய்முறை. ஆனால் உங்களுக்குப் பொங்கி அடங்கிப் போனது அளவினால் இருக்காது. ஏதோ ஒன்று சூடாக இருந்திருக்கும், இல்லையென்றால் சாறு சரியாக வடிகட்டப்படாமல் இருந்திருக்கும், பெரும்பாலும் இரண்டுமே. இந்தப் பானத்தில் குமிழியும் ஒரு பொருள்தான், காசு கொடுத்து வாங்குகிறீர்கள், பாட்டிலைத் திறந்த நிமிஷத்திலிருந்து அது குறைந்துகொண்டேதான் போகும். நம் வேலை அது குறைகிற வேகத்தைக் கட்டுப்படுத்துவது மட்டும்தான்.

தேடிப் பார்த்திருந்தால் ஆளுக்கு ஒரு செய்முறை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதன் பிறப்பு. பிரெஞ்சு ராணுவத்தின் 75 மில்லிமீட்டர் பீரங்கி, 1897 மாடல், பின்னுதைப்பைத் தானே வாங்கிக்கொண்டு நிமிஷத்துக்குப் பதினைந்து குண்டு வரை சுடக்கூடியது, முதல் உலகப் போரில் பிரான்சின் பெருமையாக இருந்தது. அதன் பெயரில் பார்களில் ஒரு பானம் கிளம்பியது. ஆனால் ஆரம்பத்தில் அதில் குமிழியே இல்லை. பாரிஸில் ஓபெராவுக்குப் பக்கத்தில் தோனு தெருவில் இன்றும் இருக்கும் ஹாரிஸ் நியூயார்க் பாரோடு பெயர் சேர்ந்துபோன ஹாரி மெக்எல்ஹோன் 1922இல் எழுதி வைத்த '75'இல் ஆப்பிள் பிராந்தியான கால்வடோஸ், ஜின், மாதுளை சிரப்பான கிரெனடின் எல்லாம் உண்டு, ஷாம்பெய்ன் கிடையாது. ஜின், எலுமிச்சை, சர்க்கரை, ஷாம்பெய்ன் என்ற இன்றைய சேர்க்கை 1927இல் மதுவிலக்குக் காலத்து நியூயார்க்கில் அச்சேறியது. 1930இல் லண்டன் சவாய் ஹோட்டலின் பார்டெண்டர் ஹாரி கிராடக் அதைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்ட பிறகு உலகம் முழுக்கப் போய்விட்டது. அவர் அதை ஒல்லியான ஃப்ளூட் கிளாசில் கொடுக்கச் சொல்லவே இல்லை, உயரமான கிளாசில் உடைத்த ஐஸ் நிரப்பி அதில் ஊற்றச் சொல்கிறார். அதனால் உங்களிடம் ஃப்ளூட் பத்து இல்லையென்றால் தைரியமாக நீள கிளாசில் ஐஸ் போட்டுக் கொடுங்கள், அதுதான் பழைய வழி. கடைசி வரை குளிர்ச்சியாக இருக்கும், கொஞ்சம் நீர்த்துப் போகும், புழுக்கமான அறைக்கு அது இன்னும் பொருத்தம்.

சரி, குளிர்ச்சிக்கு வருவோம். சாதாரணக் காற்றழுத்தத்தில் 0 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.7 லிட்டர் கார்பன் டைஆக்சைடு கரைந்து நிற்கும். 20 டிகிரியில் அது கிட்டத்தட்ட 0.9 லிட்டராக, அதாவது பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஷாம்பெய்னில் இருப்பதும் அதே வாயுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஷாம்பெய்னை அறைச் சூட்டில் இருக்கும் ஜின், சிரப், கிளாஸ் மூன்றோடும் சேர்த்தால் அந்த வாயு ஒரே மூச்சில் வெளியே வரும், அதுதான் நீங்கள் பார்த்த பொங்கல். பொங்கி முடித்த பிறகு உள்ளே மிஞ்சுவது கொஞ்சம்தான், அதனால் சப்பென்று இருக்கிறது. ஷாம்பெய்ன் மட்டும் குளிர்ந்திருந்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போதாது. குலுக்கும்போது ஐஸ் கரைந்து சேரும் தண்ணீரையும் கணக்கிட்டால் கிளாசில் இருப்பதில் பாதிக்கு மேல் ஷாம்பெய்ன் இல்லாத மற்றதுதான், அது இன்னும் அதிகமாகக் குளிர்ந்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் துகள்கள். குமிழி சும்மா உருவாகாது, பிடித்துக்கொள்ள ஒரு இடம் வேண்டும். கிளாசைத் துடைத்த துணியின் நூலிழை, தூசு, கண்ணாடியில் ஒரு கீறல் என்று எங்கே நுண்ணிய காற்றுப் பை மாட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கிருந்துதான் குமிழி வரிசையாகக் கிளம்பும். ரைம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே பெலேர் என்ற இயற்பியலாளர் பல வருடங்களாக இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். ஒன்றிரண்டு நூலிழை இருந்தால் அழகு. எலுமிச்சைச் சக்கையும் ஐஸ் சில்லும் நூற்றுக்கணக்கில் மிதந்தால் அத்தனையும் குமிழி கிளம்பும் இடங்கள், வாயு சீக்கிரமே காலியாகிவிடும். அதனால் ஷேக்கர் வடிகட்டி மட்டும் போதாது, அதற்குக் கீழே ஒரு டீ வடிகட்டியைப் பிடியுங்கள். சாறு பிழிந்த உடனேயும் ஒரு முறை வடிகட்டிவிடுங்கள். கரையாத சர்க்கரையை நேரடியாகக் கிளாசில் போடுவதும் இதே காரணத்தால் கூடாது, ஒவ்வொரு பரலும் நுரையைக் கிளப்பும்.

எலுமிச்சை பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், புளிப்புப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் நம் தமிழ்க் கடைகளில் வாங்கும் சின்ன, மெல்லிய தோல் பச்சைப் பழமும், பிரெஞ்சு சந்தையில் கிடைக்கும் பெரிய, தடித்த தோல் மஞ்சள் பழமும் வேறு வேறு பழங்கள். ஊரில் சாதத்துக்கும் ஊறுகாய்க்கும் பிழிவது முதல் வகை, ஃப்ரெஞ்ச் 75க்கு வேண்டியது இரண்டாவது. மஞ்சள் பழச் சாற்றில் சிட்ரிக் அமிலம் சுமார் ஐந்தாறு சதவீதம், பச்சைப் பழத்தில் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் கூட, அதோடு ஒரு லேசான கசப்பும் காரமான மணமும் சேர்ந்து வரும். அந்த மணம் ரசத்துக்கு அருமை, ஆனால் ஷாம்பெய்னின் ரொட்டி வாசனை மேல் ஏறி உட்கார்ந்துவிடும். பச்சைதான் கையில் இருக்கிறது என்றால் 15 மில்லிக்குப் பதில் 12இல் ஆரம்பியுங்கள். போன தடவை நீங்கள் பயன்படுத்தியது பச்சைப் பழமாக இருந்தால், அளவு குறிப்பில் இருந்தபடியே ஊற்றியிருந்தாலும் பல் கூசியிருக்கும்.

மஞ்சள் பழம் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும், அதில்தான் சாறு. தோலையும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதால் அறுவடைக்குப் பின் மருந்து பூசாதது என்று எழுதியிருப்பதைத் தேடி எடுங்கள், சாதாரணப் பழங்களில் மெழுகும் பூஞ்சை மருந்தும் பூசியிருப்பார்கள். இத்தாலி எல்லையை ஒட்டிய மான்த்தோன் ஊர்ப் பழம் கிடைத்தால் விடாதீர்கள். ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு பெற்றது, விலை அதிகம்தான், ஆனால் அதன் தோல் மணமே வேறு. ஒரு நடுத்தரப் பழம் 40 மில்லி சாறு தரும். பிழிவதற்கு முன் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, மேஜையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். சாறு அன்றைக்குப் பிழிந்ததாக இருக்க வேண்டும், மாலை விருந்துக்கு மதியம் பிழிந்தால் சரி, முந்தின நாள் பிழிந்தது வேண்டாம். நேரம் ஆக ஆக மணம் மங்கி ஒரு கசப்பு தலைகாட்டும். பாட்டிலில் அடைத்து விற்கும் சாறு வேண்டவே வேண்டாம். மற்ற மூன்று பொருளில் எவ்வளவு செலவு செய்தாலும் அந்த ஒன்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சிரப்புக்கு சர்க்கரையும் தண்ணீரும் எடையில் சரிபாதி. 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், கலக்கினால் சுமார் 160 மில்லி கிடைக்கும், பத்துக் கிளாசுக்கு அது கச்சிதம். கொதிக்க வைத்துப் பதம் பார்க்கிற வேலையெல்லாம் இல்லை, வெந்நீரில் கரைத்தாலே போதும். ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவு செய்ய முடியும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பிழிவதற்கு முன்பே இரண்டு எலுமிச்சையின் மஞ்சள் தோலை மட்டும் பீலரால் நீள நீளமாகச் சீவி, வெள்ளைப் பகுதி ஒட்டாமல், அந்த 100 கிராம் சர்க்கரையில் போட்டு மரக்கரண்டியால் நன்றாக நசுக்கி மூடி வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சர்க்கரை ஈரமாகி மஞ்சள் ஏறியிருக்கும், தோல் விறைத்துச் சுருண்டு கிடக்கும், மூடியைத் திறந்த உடனே மணம் சமையலறை முழுக்கப் பரவும். தோலில் இருந்த எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொண்டுவிட்டது. இப்போது வெந்நீர் ஊற்றிக் கரைத்து வடிகட்டுங்கள். வெறும் சிரப்புக்கும் இதற்கும் வித்தியாசம் முதல் மடக்கிலேயே தெரியும். புளிப்பைக் கூட்டாமல் எலுமிச்சை வாசனையைக் கூட்ட எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்.

ஜின்னில் அதிகம் யோசிக்க வேண்டாம். லண்டன் ட்ரை வகை, ஜின்னுக்கே உரிய ஜூனிப்பர் காயின் வாசனை முன்னால் நிற்கிற எதுவும் சரி, பீஃபீட்டர், டாங்கரே மாதிரி சூப்பர்மார்க்கெட்டில் கிடைப்பதே போதும். ரோஜா, வெள்ளரி, பழ வாசனை சேர்த்த ஜின்களை இதில் ஊற்றாதீர்கள், டானிக்கோடு குடிக்க வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலை முந்தின இரவே ஃப்ரீசரில் படுக்க வைத்துவிடுங்கள், 40 சதவீத ஆல்கஹால் வீட்டு ஃப்ரீசரில் உறையாது.

ஷாம்பெய்ன்தான் வேண்டுமா? வேண்டாம். எலுமிச்சையும் சர்க்கரையும் ஜின்னும் சேர்கிற இடத்தில் நல்ல ஷாம்பெய்னின் நுணுக்கம் பாதி காணாமல் போகும், அந்த விலைக்கு அதைத் தனியாகக் குடிப்பதே நியாயம். பிரான்ஸில் இருக்கிறீர்கள், க்ரெமான் என்ற குமிழி வைன் வாங்குங்கள். அல்சாஸ், லுவார், பூர்கோன் எதுவானாலும் சரி. ஷாம்பெய்ன் மாதிரியே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வைத்து, குறைந்தது ஒன்பது மாதம் ஈஸ்ட் வண்டலோடு வைத்து எடுப்பது, அதனால் குமிழி பொடியாக இருக்கும், நீடித்து நிற்கும். ஸ்பெயினின் காவாவும் அதே முறைதான். இத்தாலிய ப்ரொசெக்கோ பெரும்பாலும் பெரிய தொட்டியில் நொதிக்க வைத்துப் பாட்டிலில் அடைப்பது, குமிழி கொஞ்சம் முரடு, புளிப்பும் குறைவு, பேரிக்காய் வாசனை தூக்கலாக இருக்கும். கெட்டதில்லை, ஆனால் இந்தப் பானம் கேட்கிற விறைப்பு அதில் இல்லை. இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, நாசிக்கில் தயாராகும் ஷான்டோன் ப்ரூட் தாராளமாகப் போதும்.

லேபிளில் இனிப்பின் அளவு இருக்கும், அதை மட்டும் கவனித்து வாங்குங்கள். ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள். எக்ஸ்ட்ரா ட்ரை என்று இருந்தால் 12 முதல் 17 கிராம், அதாவது ப்ரூட்டைவிட இனிப்பு அதிகம், பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டெமி செக் என்றால் 32 முதல் 50 கிராம் வரை, அது கேக்கோடு குடிக்க. இந்த அளவெல்லாம் ப்ரூட்டுக்குச் சொன்னது. அதைவிட இனிப்பானது கையில் இருந்தால் சிரப்பை 15இலிருந்து 12க்குக் குறையுங்கள், டெமி செக்காக இருந்தால் 10க்கு. பயன்படுத்தும் வைனே மிகப் புளிப்பாக இருந்தால், முக்கியமாக சர்க்கரையே சேர்க்காத ப்ரூட் நேச்சர் வகையாக இருந்தால், சிரப் ஒரு மில்லி இரண்டு மில்லி கூடும். 15 மில்லி சிரப்பில் ஒன்பது கிராம் சர்க்கரைதான் இருக்கிறது, ஒன்றிரண்டு மில்லி வித்தியாசம் நாக்குக்கு நன்றாகவே தெரியும். அதனால் அளக்கிற சின்னக் குவளை ஒன்று வாங்கிவிடுங்கள், கண் அளவில் ஊற்றுகிற பானம் இல்லை இது.

ஒன்றிரண்டு கிளாஸ் மட்டும் செய்வதானால் ஷேக்கரில் ஜின், சாறு, சிரப் ஊற்றி, ஐஸ் நிறையப் போட்டு, பத்துப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்குங்கள். ஷேக்கர் இல்லையென்றால் மூடி இறுகும் ஜாம் பாட்டில் போதும். வெளியே பனி பூத்து விரல் ஒட்டுகிற அளவுக்குக் குளிர்ந்தால் சரி. ஐஸ் கஞ்சத்தனம் கூடாது. நாலைந்து கட்டிகள் போட்டுக் குலுக்கினால் சீக்கிரம் கரைந்து தண்ணீர்தான் அதிகமாகும், நிறையப் போட்டால் வேகமாகக் குளிரும். 60 மில்லி கலவை குலுக்கி முடித்ததும் 80 மில்லிக்கு மேல் இருக்கும், அந்தக் கூடுதல் 20 மில்லி தண்ணீர் இந்தப் பானத்துக்கு அவசியம், அது இல்லாவிட்டால் எல்லாமே முரட்டுத்தனமாக இருக்கும். ஷாம்பெய்னை எக்காரணம் கொண்டும் ஷேக்கருக்குள் ஊற்றாதீர்கள், மூடி தெறிக்கும்.

பத்துப் பேருக்கு நின்று நின்று குலுக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் விருந்தில் இருக்க முடியாது. மொத்தமாகக் கலந்து வைத்துவிடுங்கள். ஜின் 300 மில்லி, வடிகட்டிய சாறு 150, சிரப் 150, அப்புறம் குலுக்கும்போது ஐஸிலிருந்து வர வேண்டிய தண்ணீருக்குப் பதில் 200 மில்லி குளிர்ந்த குடிநீர். இந்தத் தண்ணீரைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். மொத்தம் 800 மில்லி, ஆளுக்கு 80. ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மதியம் ஃபிரிட்ஜில் வையுங்கள், விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் விட்டால் கட்டிதட்டிவிடும், தண்ணீர் சேர்ந்த பிறகு ஆல்கஹால் 15 சதவீதம்தான். அசைத்தால் லேசாகக் கெட்டிப்பட்டுச் சுழல வேண்டும், ஓரத்தில் ஐஸ் ஊசிகள் தெரிய ஆரம்பித்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அந்த ஊசிகளும் ஊற்றும்போது நுரையைக் கிளப்பும்.

வைன் எவ்வளவு? பத்துக் கிளாசுக்கு 600 மில்லி, ஒரு 750 மில்லி பாட்டில் கணக்குக்குச் சரி. ஆனால் திறக்கும்போது சிந்துவது, யாராவது இரண்டாவது கேட்பது எல்லாம் இருக்கும், இரண்டு பாட்டில் வாங்குங்கள், இரண்டாவதைத் தேவைப்பட்டால் மட்டும் திறங்கள். முந்தின நாளே ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வைத்துவிடுங்கள். பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கழுத்து வரை முங்க வையுங்கள். வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், தண்ணீர் சேர்ந்தால்தான் எல்லாப் பக்கமும் குளிரும்.

கிளாசை நல்ல வெந்நீரில் அலசிக் கவிழ்த்துக் காய வையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பின் மிச்சம் ஒட்டியிருந்தால் நுரை நிற்காது, எண்ணெய்ப் பிசுக்கும் அப்படித்தான், வடையோ முறுக்கோ பொரித்த கையோடு கிளாசின் விளிம்பைத் தொடாதீர்கள். காய்ந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர வைக்கலாம். ஈரத்தோடு ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே பனி பூத்துவிடும், அதன் மேல் வைனை ஊற்றினால் மறுபடியும் பொங்கல்.

பாட்டிலைத் திறக்கும் வேலையில் கவனம் தேவை. உள்ளே ஐந்தாறு காற்றழுத்தம் இருக்கிறது, கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், தக்கை தெறித்துக் கண்ணில் பட்டால் பார்வை போகும். யார் முகமும் எதிரே இல்லாத பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், 45 டிகிரி போதும். கட்டைவிரலைத் தக்கை மேல் அழுத்தியபடியே கம்பியை அரை அரைச் சுற்றாக ஆறு முறை திருப்பித் தளர்த்துங்கள், கம்பியைக் கழற்ற வேண்டியதில்லை. தக்கையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். தக்கை வெளியே வரப் பார்க்கும்போது அதை உள்ளே தள்ளுகிற மாதிரி எதிர்த்துப் பிடித்தால் டமால் என்று வெடிக்காமல் உஸ்ஸென்று மெதுவாக வரும். வெடிக்க வைத்தால் கைதட்டல் கிடைக்கும், தரையில் கொஞ்சம் வைன் போகும், அதோடு வாயுவும். நன்றாகக் குளிர்ந்த பாட்டில் அடங்கி நடக்கும், இதற்கும் குளிர்ச்சிதான் மருந்து.

இப்போது ஊற்றுவது. கிளாசில் முதலில் 80 மில்லி குளிர்ந்த கலவை. அப்புறம் கிளாசைச் சாய்த்துப் பிடித்து வைனைக் கண்ணாடிச் சுவர் மேல் வழிய விடுங்கள், பீர் ஊற்றுகிற மாதிரிதான். நேராகப் பிடித்து நடுவில் ஊற்றினால் அதிக வாயு வெளியேறுகிறது என்பதை அந்த ரைம்ஸ் குழு 2010இல் அளந்தே காட்டியிருக்கிறது, வைன் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு இழப்பு குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஊற்றி முடித்ததும் நீளக் கரண்டியை அடி வரை விட்டு ஒரே ஒரு முறை மெதுவாக மேலே தூக்குங்கள். சிரப் கனமானது, அடியில் தங்கப் பார்க்கும், அதற்காகத்தான். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் குமிழி போய்விடும். மேலே ஒரு சுருள் எலுமிச்சைத் தோல் போடலாம். அதைக் கிளாசுக்கு நேர் மேலே பிடித்து முறுக்கி எண்ணெயைப் பீய்ச்சும் பழக்கம் உண்டு, ஆனால் எண்ணெய்ப் படலம் நுரையை அடக்கும், தோல் ஊறிய சிரப் செய்திருந்தால் அது தேவையும் இல்லை.

முதல் கிளாசை நீங்களே குடித்துப் பாருங்கள், மற்றவர்களுக்கு ஊற்றுவதற்கு முன். புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் மொத்தக் கலவையில் 20 மில்லி சிரப் சேருங்கள். திகட்டினால் சாறு 15 மில்லி சேருங்கள், அதற்காக அரை எலுமிச்சையைப் பிழியாமல் வைத்திருங்கள். ஜின் மட்டும் தனியாக எரிகிற மாதிரி இருந்தால் அது தண்ணீர் போதாததன் அறிகுறி, 30 மில்லி குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். ஒரு விஷயம், குளிர்ந்த பானத்தில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதனால் கலவையை அறைச் சூட்டில் ருசித்துப் பார்த்து இனிப்பாக இருக்கிறதே என்று குறைத்துவிடாதீர்கள், குளிர்ந்த பிறகு வைன் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நீங்கள் போன தடவை பட்ட புளிப்புக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

ஜின் பிடிக்காதவர்கள் இருந்தால் அதே அளவில் பிரெஞ்சு திராட்சை பிராந்தியான கோன்யாக் ஊற்றலாம். நியூ ஆர்லியன்ஸில் ஆர்னோஸ் உணவகத்தோடு சேர்ந்த பாருக்குப் பெயரே ஃப்ரெஞ்ச் 75தான், அங்கே கோன்யாக்கில்தான் செய்வார்கள். ஜின்னில் செய்தது விறைப்பாக, பளிச்சென்று இருக்கும், சாப்பாட்டுக்கு முன் நல்லது. கோன்யாக்கில் செய்தது உருண்டு திரண்டு, லேசான பழ மணத்தோடு, சாப்பிட்ட பிறகு இன்னும் நன்றாக இருக்கும். எனக்கு டிசம்பர் குளிரில் கோன்யாக்தான் பிடிக்கும். அப்படிச் செய்வதானால் சிரப்பை ஒரு மில்லி குறைக்கலாம், கோன்யாக்கிலேயே ஒரு இனிப்பு தோன்றும்.

குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வெறும் ஆரஞ்சு ஜூஸை நீட்டாதீர்கள், அதே ஃப்ளூட் கிளாசில் அதே அக்கறையோடு ஒன்று செய்துகொடுங்கள். எலுமிச்சைச் சாறு 20 மில்லி, தோல் ஊறிய சிரப் 25, மேலே நன்றாகக் குளிர்ந்த பெரியே (Perrier) குமிழித் தண்ணீர் 100. ஊரில் எலுமிச்சை சோடாவுக்குப் போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை உப்பு, ஆனால் அதை சிரப்பிலேயே கரைத்துவிடுங்கள், நேராகப் போட்டால் சோடா பொங்கும். பெரியவர்களிலும் பாதிப் பேர் இரண்டாவது சுற்றுக்கு இதைக் கேட்பார்கள், அதற்கும் சேர்த்து சிரப் செய்து வையுங்கள்.

அப்புறம் வலிமை. ஒரு கிளாசில் ஜின்னிலிருந்து 12 மில்லி, வைனிலிருந்து ஏழு மில்லி என்று சுமார் 19 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 15 கிராம். பிரான்ஸில் ஒரு கிளாஸ் என்று கணக்கு வைப்பது 10 கிராம், ஆக இது ஒன்றரை. ஒரு நாளைக்கு இரண்டு கிளாசுக்கு மேல் வேண்டாம் என்பது இங்கே பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை, இந்தப் பானத்தில் இரண்டாவது கிளாசிலேயே அதைத் தாண்டிவிடுவீர்கள். எலுமிச்சை ஜூஸ் போல உள்ளே இறங்கும், ஏறுவது கால் மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதுவும் வெறும் வயிற்றில் வேகமாக. ஆகவே ஊற்றும்போதே பக்கத்தில் சாப்பிட ஏதாவது இருக்கட்டும். உப்பும் எண்ணெயும் இருக்கிற எதுவும் இதற்கு நன்றாகப் பொருந்தும், மீன் கட்லெட், ரோல்ஸ், உளுந்து வடை எல்லாம் ஜோர். கார் ஓட்டி வந்தவருக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை, புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 0.2. ஓட்டப் போகிறவர் யார் என்று முதலிலேயே கேட்டு அவர் கையில் பெரியே கிளாசைக் கொடுத்துவிடுங்கள்.

மிஞ்சினால்? திறந்த வைன் பாட்டிலின் கழுத்தில் டீ ஸ்பூனைத் தலைகீழாகச் செருகி வைத்தால் குமிழி போகாது என்று பிரெஞ்சுக்காரர்களே சொல்வார்கள், ஷாம்பெய்ன் தயாரிப்பாளர் கூட்டமைப்பு சோதித்துப் பார்த்து அதில் பலனே இல்லை என்று முடித்துவிட்டது. அழுத்திப் பூட்டுகிற ஷாம்பெய்ன் மூடி சில யூரோவுக்குக் கிடைக்கும், அதைப் போட்டு ஃபிரிட்ஜில் நிற்க வைத்தால் மறுநாள் வரை நன்றாக இருக்கும். கலவை மிஞ்சினால் அதையும் மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள், சாறு இருப்பதால் அதற்கு மேல் கசக்கும். நீள கிளாசில் ஐஸ் போட்டு, கலவை 80 மில்லி, மேலே வைனுக்குப் பதில் சோடா 80 மில்லி ஊற்றினால் அது டாம் காலின்ஸ் என்ற இன்னொரு பழைய பானம், ஜனவரி 1 மதியச் சாப்பாட்டுக்கு முன் அது போதும்.